வம்சத்தைச் சொல்லிக் கையைக் கட்டிக்கொள்ள வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

பக்கவாதம் பற்றிப் போன இதழில் வந்த கட்டுரை நல்ல கட்டுரைதான், ஆனால் பரம்பரையைப் பற்றி 'அதை மாற்ற முடியாது' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அப்படியென்றால் மாத்திரை எதற்கு, உப்பைக் குறைத்து என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்கள் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார்கள்.

தாத்தாவுக்கு வந்தது, சித்தப்பாவுக்கு வந்தது, அப்புறம் 58 வயதில் அப்பாவுக்கு. வேட்டி கட்டும்போது முனை இடது கையில் நிற்காமல் நழுவிக்கொண்டே இருந்தது, வாய் கோணிவிட்டது. ஒருவர் காபியை ஊற்றப் போனார் (விழுங்க முடியாமல் புரையேறினால் அது வேறு ஆபத்து), இன்னொருவர் புறா ரத்தம் தேய்க்கச் சொன்னார், 'இது அவங்க வம்சத்துக்கே உள்ளதுதானே' என்றும் ஒரு பேச்சு. 108ஐக் கூப்பிட வேண்டிய நேரம் அதிலேயே போனது. மூளையின் ரத்தக்குழாய் அடைப்பால் வரும் பக்கவாதத்துக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதற்கு முன்பே ஸ்கேன் எடுத்து ரத்தக்கசிவு இல்லையென்று பார்த்தாக வேண்டும். எவ்வளவு பாதிப்பு என்பது எந்தக் குழாய் அடைத்தது, எவ்வளவு சீக்கிரம் போய்ச் சேர்ந்தோம் என்பதைப் பெரிதும் பொறுத்தது. வம்சத்தில் இருப்பதாலேயே கடுமையாகத்தான் வரும் என்றில்லை.

பரம்பரைக்குப் பங்கு உண்டு, மறுக்கவில்லை. அமெரிக்காவில் ஃபிரமிங்காம் என்ற ஊர் மக்களை 1948 முதல் தலைமுறை தலைமுறையாகக் கவனித்துவருகிறார்கள். அம்மா அப்பாவில் ஒருவருக்கு 65 வயதுக்குள் வந்திருந்தால் பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ 3 மடங்கு என்று 2010இல் அந்த ஆய்வு சொன்னது. அதனால் வயதுதான் முக்கியம். 82 வயதுப் பாட்டிக்கு வந்ததும் 58 வயது அப்பாவுக்கு வந்ததும் ஒரே கணக்கில்லை. டாக்டர் கேட்டால் 'ஆமாம் சார், இருக்கு' என்று நிறுத்திக்கொள்ளாமல் எந்த வயதில், அடைப்பா கசிவா என்றும் சொல்ல வேண்டும், அதைப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

32 நாடுகளில் நடந்த இன்னொரு ஆய்வு, பக்கவாத ஆபத்தில் சுமார் 90 சதவீதம் பிரஷர், சுகர், புகை, கொழுப்பு, உடலுழைப்பின்மை மாதிரியான மாற்றக்கூடிய 10 காரணங்களோடு சேர்ந்தது என்று 2016இல் சொன்னது. பிரஷரும் சுகரும் குடும்பத்தில் வருகிறவைதான், ஆனால் மாத்திரைக்கும் நடைக்கும் கட்டுப்படுகிறவை. அப்பாவுக்கு வந்த பிள்ளைகள் 30 வயதிலேயே பிரஷர் பார்க்க ஆரம்பிக்கலாமே! தலைவலி வரட்டும் என்று காத்திருக்கிறார்கள், பிரஷர் பெரும்பாலும் தலைவலியைக் கூடத் தராது.

இதை ஒரு நரம்பியல் டாக்டரிடம் கேட்டு விரிவாக எழுதுங்கள்.

- வாசகர், கும்பகோணம்