வீட்டுக் காய்கறித் தோட்டச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான விவரங்களை முதலில் முடித்துவிடுகிறேன். மாதக் கூட்டங்கள் தடையில்லாமல் நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாகப் படிப்பார்.

இந்த ஆண்டு செயற்குழு அதிகம் மெனக்கெட்டது குளிர்காலக் கூட்டங்களுக்குத்தான். உறைபனியில் பாத்திகள் சும்மா கிடக்கும்போது தோட்டச் சங்கத்துக்கு என்ன வேலை என்று சிலர் கேட்டார்கள். திட்டம் போட்ட பிறகுதான் விதை வாங்குவது என்பதை வழக்கமாக்குவதே வேலை. வண்ணப் படங்களைப் பார்த்து வாங்கினால் இருக்கிற இடத்துக்கு மேல் விதை சேர்ந்துவிடும். இதைச் சொன்னதும் எழுந்த சிரிப்பிலேயே எல்லோர் வீட்டிலும் இதே கதைதான் என்று தெரிந்தது.

முதலில், கையிருப்பில் உள்ள பழைய விதைகளைக் கொண்டுவரச் சொன்னோம். வெங்காய விதை ஓரிரு ஆண்டுகளில் வீரியம் இழந்துவிடும். தக்காளியும் வெள்ளரியும் ஈரம் படாமல் குளிர்ச்சியாக வைத்திருந்தால் நான்கைந்து ஆண்டுகள்கூடத் தாங்கும். சந்தேகம் இருந்தால் சோதித்துப் பார்க்கலாம். ஈரமான டிஷ்யூ தாளில் 10 விதைகளை மடித்து, பிளாஸ்டிக் பையில் போட்டு, வெதுவெதுப்பான இடத்தில் வைத்தால் பெரும்பாலான காய்கறி விதைகளின் நிலை 10 நாளுக்குள் தெரிந்துவிடும். 8 முளைத்தால் கவலையில்லை. 5 என்றால் நெருக்கமாக விதைக்கலாம். அதற்கும் கீழே போனால் புதிதாக வாங்குவதே மேல். மிளகாய்க்கு மட்டும் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

பெயர் எழுதாத பொட்டலங்களும் விதைப் பரிமாற்ற மேசைக்கு வந்தன. முட்டைக்கோஸ், காலிஃபிளவர், புரோக்கோலி மூன்றின் விதைகளும் பார்க்கக் கடுகு மாதிரியேதான் இருக்கும். கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. அவற்றைத் துணிந்து எடுத்துப்போனவர்கள் என்ன விளைந்தது என்று சங்கத்துக்குச் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

அப்புறம், கட்டம் போட்ட தாளில் தோட்டத்தை வரைந்தோம். இதில் வெயில் கணக்குதான் பலரையும் குழப்பியது. குளிர்காலத்தில் சூரியன் தாழ்வாகச் செல்வதால் மதில் நிழல் நீளமாக விழும். கோடையில் அது சுருங்கிவிடும். மரத்தடியிலோ நேர்மாறு. இலை உதிர்ந்த மரத்தின் கீழ் இப்போது அடிக்கும் வெயில், தழைத்த பிறகு கிடைக்காது. எனவே இன்றைய நிழலை மட்டும் நம்பிப் பாத்தி பிரிக்க வேண்டாம். தக்காளி போன்ற காய்க்கும் செடிகளுக்கு 6 முதல் 8 மணி நேர வெயில் தேவை. கீரைகள் அதைவிடக் குறைவான வெயிலிலும் வளரும்.

பயிர் சுழற்சி பற்றி நல்ல விவாதம் நடந்தது. தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு நான்கும் ஒரே குடும்பம். ஆண்டுதோறும் ஒரே பாத்தியில் வைத்தால் மண்ணில் நோய்க்கிருமிகள் பெருகும். 3 ஆண்டு இடைவெளி நல்லது. "இருப்பதே ஒரு பாத்தி, எங்கே சுழற்றுவது?" என்று ஓர் உறுப்பினர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஒரே பாத்தி உள்ளவர்கள் ஓர் ஆண்டு அதில் பீன்ஸ் போட்டுவிட்டு, தக்காளியைப் புது மண் நிரப்பிய தொட்டிக்கு மாற்றலாம் என்பது குழுவின் யோசனை.

வீட்டுக்குள் நாற்று விடும் நாளை, குளிர்காலம் முடியும்போது உறைபனி கடைசியாக விழும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். மிளகாய்க்கு 8 முதல் 10 வாரம், தக்காளிக்கு 6 முதல் 8 வாரம், வெள்ளரிக்கும் பூசணிக்கும் 3 அல்லது 4 வாரம் போதும். ஆர்வக் கோளாறில் முந்தினால், ஜன்னலோர வெளிச்சம் போதாமல் நாற்று நெடுநெடுவென வளர்ந்து சாயும். கேரட், முள்ளங்கி, பீன்ஸ் விதைகளை நேரடியாகப் பாத்தியிலேயே போடலாம்.

மண் பரிசோதனைக்கு மாதிரி தந்தவர்கள் குறைவு. அமில மண்ணைச் சரிசெய்யப் போடும் சுண்ணாம்பு வேலை செய்யச் சில மாதங்கள் பிடிக்கும் என்பதால், வரும் ஆண்டில் மண் உறைந்து இறுகும் முன்பே மாதிரி தரக் கேட்டுக்கொள்கிறேன்.

விதைப் பரிமாற்றத்துக்கும் இரண்டு விதிகள் முன்மொழியப்படுகின்றன. வீரிய ஒட்டு ரகச் செடியில் (இரண்டு ரகங்களைக் கலந்து உருவாக்கியது) எடுத்த விதை தாய்ச்செடியைப் போல வராது என்பதால் அதைக் கொண்டுவரக் கூடாது. ரகமும் ஆண்டும் எழுதாத பொட்டலம் இனி மேசைக்கு வராது.

இவ்விதிகளோடு சேர்த்து அறிக்கையை ஏற்றுத் தருமாறு பொதுக்குழுவை வேண்டுகிறேன்.

செயலாளர்