அரை இஞ்ச் பைப் மரைக்கு பெட்டியில் இருக்கும் சக்கரங்களே போதும்

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. சின்ன லேத் (கடைசல் இயந்திரம்) வீட்டுக்கு வந்து சேர்ந்ததில் எனக்கும் மகிழ்ச்சி. அதைவிட, பெட்டியில் வந்த பல்சக்கரங்களை ஒவ்வொன்றாக எண்ணி எழுதியிருந்தாயே, அது ரொம்ப உதவியாக இருந்தது. 20 இரண்டு, 30, 35, 40 இரண்டு, 45, 50, 55, 57, 60, 65, 80. இந்த வரிசையைப் பார்த்ததுமே உன் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. பித்தளை அடாப்டரில் அரை இஞ்ச் பிஎஸ்பி மரை, அதாவது பிரிட்டிஷ் முறைப் பைப் மரை, வெட்ட நீ புதிதாக ஒரு சக்கரமும் வாங்க வேண்டாம். 127 பல் சக்கரம் வேண்டவே வேண்டாம். கவரில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் அந்த மரை இல்லை, அவ்வளவுதான்.

முதலில் லீட் ஸ்க்ரூவை, அதாவது டூலை நகர்த்தும் நீண்ட திருகுத்தண்டை, அளந்து பார். இதே லேத் மெட்ரிக்கிலும் வருகிறது, இஞ்சிலும் வருகிறது. வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. லீட் ஸ்க்ரூவில் பத்து மரைக்கு வெர்னியரை வைத்துப் பார். 15 மி.மீ. வந்தால் பிட்ச், அதாவது ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள தூரம், 1.5. 15.88 வந்தால் அது இஞ்சுக்கு 16 மரை உள்ள லீட் ஸ்க்ரூ. அப்படியானால் கீழே இருக்கும் கணக்கு எதுவும் உனக்குப் பொருந்தாது. நீ எழுதியதை வைத்து 1.5 என்றே எடுத்துக்கொள்கிறேன். அடுத்து, வேலைத்துண்டைச் சுழற்றும் ஸ்பிண்டிலுக்கும் முதல் சக்கரம் உட்காரும் தண்டுக்கும் ஒன்றுக்கு ஒன்று ஓட்டம்தானா என்று பார். இரண்டிலும் சாக்பீஸில் ஒரு கோடு போட்டு, வேலைத்துண்டைப் பிடிக்கும் சக்கைக் கையால் ஒரு சுற்று சுற்றினால் தெரிந்துவிடும்.

இனி கணக்கு. வெட்ட வேண்டிய பிட்ச்சை லீட் ஸ்க்ரூ பிட்ச்சால் வகுத்தால் விகிதம் வரும். அந்தப் பின்னத்தில் ஓட்டும் சக்கரங்கள் மேலே, ஓடும் சக்கரங்கள் கீழே. எம் 6 போல்ட்டின் பிட்ச் 1 மி.மீ. ஒன்றை 1.5ஆல் வகுத்தால் மூன்றில் இரண்டு. அதாவது ஓட்டுவது 20, ஓடுவது 30, நடுவில் இரண்டையும் இணைக்க எந்த இடைச்சக்கரமும் போடலாம். அதன் பல் எண்ணிக்கை கணக்கில் வராது. எம் 8க்கு 1.25, ஆக 50க்கு 60. எம் 12க்கு 1.75, ஆக 35க்கு 30. மெட்ரிக் மரையெல்லாம் இப்படிச் சுலபமாக முடிந்துவிடும்.

இஞ்ச் மரையில்தான் சிக்கல். 1959இல் ஒரு இஞ்ச் சரியாக 25.4 மி.மீ. என்று உறுதி செய்தார்கள். 25.4 என்பது 127ஐ 5ஆல் வகுத்தது. 127 பகா எண். அதனால் துல்லியமாக வேண்டுமென்றால் 127 பல் சக்கரமே வேண்டும். உன் சக்கரங்கள் மாட்யூல் (பல்லின் பருமனைக் குறிக்கும் அளவு) 1. அந்த அளவில் 127 பல்லின் வெளிவிட்டம் 129 மி.மீ. அதைப் போட்டால் கவர் மூடாது. மூடாத கவரோடு மரை வெட்ட நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

இப்போது உன் 55ஐயும் 65ஐயும் பார். இஞ்சுக்கு 20 மரை என்றால் பிட்ச் 1.27 மி.மீ. அதை 1.5ஆல் வகுத்தால் 0.84667. 55ஐ 65ஆல் வகுத்தால் 0.84615. வித்தியாசம் நூற்றுக்கு 0.06, அதாவது பத்தாயிரத்துக்கு ஆறு. இதை அப்படியே சூத்திரமாக வைத்துக்கொள்: முதல் ஜோடி 55க்கு 65, இரண்டாவது ஜோடி 20ஐ, இஞ்சுக்கு எத்தனை மரையோ அதால் வகுத்த விகிதம். அரை இஞ்ச் பிஎஸ்பிக்கும் முக்கால் இஞ்சுக்கும் 14 மரை. 20க்கு 14 என்பது 50க்கு 35. ஏ சக்கரம் பியை ஓட்டும், பியும் சியும் ஒரே தண்டில் சேர்ந்து சுற்றும், சி லீட் ஸ்க்ரூவிலுள்ள டியை ஓட்டும். ஆகவே ஏ இடத்தில் 55, பி 65, சி 50, டி 35. கால் இஞ்சுக்கும் மூன்றே எட்டு இஞ்சுக்கும் 19 மரை; அங்கே 60க்கு 57. செட்டில் அந்த 57 ஏன் வந்தது என்று கேட்டிருந்தாயே, 19இன் மூன்று மடங்கு அது. 19 மரைக்காகத்தான் அது இருக்கிறது. ஒரு இஞ்ச் பைப்புக்கு 11 மரை. அதில் 11ம் 11ம் அடிபட்டு 20க்கு 13 மிஞ்சும். 50க்கு 65, 80க்கு 40 என்று போடு.

பத்தாயிரத்துக்கு ஆறு என்பது வேலையில் எவ்வளவு? 15 மி.மீ. நீள மரையின் கடைசியில் ஒரு மி.மீ.யில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. பைப் மரைக்கு இது ஒன்றுமே இல்லை. 300 மி.மீ. நீளத்துக்கு ஒரு ஸ்க்ரூ வெட்டினால் 0.18 மி.மீ. தவறும். அந்த வேலைக்கு 63 பல் சக்கரம் ஒன்று வாங்கிக்கொள். 80க்கு 63, அதோடு 40க்கு 60 போட்டால் 20 மரைக்கு வரும் பிழை பத்தாயிரத்துக்கு ஒன்றரைக்கும் குறைவு. ஆனால் ஒன்று: 1.75க்கான சக்கரங்களைப் போட்டுவிட்டு, 14 மரைக்கு வேண்டிய 1.81க்குக் கிட்டத்தானே என்று விட்டுவிடாதே. எட்டு மரையில் அரை மி.மீ. விலகிவிடும். மூன்று நான்கு சுற்றிலேயே இறுகும். வலுவாகத் திருகினால் பித்தளை மரை உரிந்துவிடும்.

விகிதம் சரியாக இருந்தும் சக்கரங்கள் மாட்டவே முடியாமல் போவதுண்டு. 0.25 பிட்ச்சுக்கு ஆறில் ஒன்று வேண்டும். 20க்கு 80, 20க்கு 30 என்று போட்டால் கணக்குச் சரிதான். ஆனால் சி, டி இரண்டின் மையத்துக்கும் இடையே 25 மி.மீ.தான் வரும், பி இடத்திலுள்ள 80 பல் சக்கரத்தின் ஆரமோ 41 மி.மீ. அது லீட் ஸ்க்ரூ தண்டிலேயே போய் முட்டும். இரண்டாவது ஜோடியை 40க்கு 60 என்று மாற்று, விகிதம் அதேதான், மையத்தூரம் 50 ஆகிவிடும், சக்கரம் தண்டைத் தாண்டி உட்காரும். எடுத்து மாட்டிப் பார்ப்பதற்கு முன்னால் இதைக் காகிதத்திலேயே சரிபார்க்கலாம்: ஏயும் பியும் கூட்டினால் சியைவிடக் குறைந்தது 15 அதிகமாக இருக்க வேண்டும், சியும் டியும் கூட்டினால் பியைவிட 15 அதிகமாக இருக்க வேண்டும். உன் 14 மரைக்கு 50ம் 35ம் 85. பி 65. இடம் இருக்கிறது. முட்டினால் ஓட்டும் சக்கரங்களைத் தங்களுக்குள் இடம் மாற்று, ஓடும் சக்கரங்களையும் அப்படியே. விகிதம் மாறாது.

மாட்டும்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டு வேலை செய். முதலில் சி, டி ஜோடியை நெருக்கி இறுக்கு, பிறகு சக்கரங்களைத் தாங்கும் பேன்ஜோவைச் சாய்த்து ஏ, பி ஜோடியைச் சேர். இரண்டு சக்கரங்களுக்கு நடுவில் நோட்டுத் தாள் ஒரு கீற்றை விட்டு, பல்லோடு பல் அழுத்தி போல்ட்டை இறுக்கி, சக்கைக் கையால் சுற்றித் தாளை வெளியே எடு. தாள் மடிப்பு மடிப்பாக, கிழியாமல் வர வேண்டும். அறுந்து வந்தால் ரொம்ப நெருக்கம். லேத் இரைந்து ஓடும், பிளாஸ்டிக் பல்லாக இருந்தால் சீக்கிரம் தேயும். பல்லுக்குக் கிரீஸ் பூசாதே. பித்தளைத் துருவல் அதில் ஒட்டி, பல்லின் அடியில் போய் உட்காரும். ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடத்தில் சக்கரம் துள்ளும், மரையில் அது அலையாகத் தெரியும். ஒரு சொட்டு எண்ணெய் போதும்.

அரை இஞ்ச் என்பது பைப்பின் துவாரத்தை வைத்து வந்த பெயர். மரையின் வெளிவிட்டம் 20.955 மி.மீ. அந்த அளவுக்குக் கடைந்துகொள். மரை ஆழம் 1.162. கோணம் 55 டிகிரி. உன்னிடம் இருக்கும் 60 டிகிரி டூல் இதற்கு ஆகாது. டூல் நுனியை 0.25 மி.மீ. ஆரத்துக்கு உருட்டிவிடு, பித்தளைக்கு மேல் முகம் சமமாகவே இருக்கட்டும். மரை முடியும் இடத்தில் 4 மி.மீ. அகலத்துக்குக் காடி ஒன்று வெட்டிவைத்தால் டூலை நிறுத்த நேரம் கிடைக்கும்.

முதல் ஓட்டத்தில் 0.05 மட்டும் கொடுத்து ஒரு கீறல் போடு. எட்டு இடைவெளிக்கு வெர்னியர் வை. 14.5 வர வேண்டும். வந்தால்தான் மேலே போ. இடது மரையாகப் போனால் ரிவர்ஸ் லீவரை மாற்று, சக்கரத்தைத் தொடாதே. காம்பவுண்டை (டூலைத் தாங்கும் மேல் ஸ்லைடை) 27 டிகிரிக்குத் திருப்பி அதிலேயே ஊட்டினால் மொத்தம் 1.3 மி.மீ. போக வேண்டும், தொடக்கத்தில் 0.1, பாதிக்கு மேல் 0.05, கடைசி இரண்டு ஓட்டம் 0.02.

லீட் ஸ்க்ரூவைக் கவ்வி டூலை நகர்த்தும் ஹாஃப் நட்டைப் பற்றி எழுதியிருந்தாய். 0.25, 0.5, 0.75, 1.5 என 1.5ஐ மீதியின்றி வகுக்கும் பிட்ச்களுக்கு எங்கே வேண்டுமானாலும் திறந்து மூடலாம், மரை தவறாது. மற்ற மெட்ரிக் பிட்ச்களுக்கு எந்த இடத்தில் மூடலாம் என்று காட்டும் டயல் வேண்டும். சில லேத்துகளில் டயலோடு 14, 15, 16 பல்லில் மூன்று குட்டிச் சக்கரங்கள் வரும். 1.25க்கு லீட் ஸ்க்ரூவும் மரையும் 7.5 மி.மீ.க்கு ஒருமுறைதான் ஒத்துவரும். 15 பல் ஒரு சுற்றுக்கு 22.5 மி.மீ., அதில் மூன்று இடம். 1.75க்கு 10.5, அதற்கு 14 பல். 0.8க்கு 12, அதற்கு 16. ஆனால் இஞ்ச் மரைக்கு இந்த டயல் எதுவும் உதவாது. முதல் ஓட்டத்தில் மூடிய ஹாஃப் நட்டை மரை முடியும்வரை திறக்காதே. ஓட்டம் முடிந்ததும் மோட்டாரை நிறுத்து, கிராஸ் ஸ்லைடில் டூலை வெளியே இழு, அதற்குப் பிறகு ரிவர்ஸ் கொடு. இழுக்காமல் திருப்பினால் சக்கரங்களிலும் ஹாஃப் நட்டிலும் உள்ள தளர்வு அத்தனையும் சேர்ந்து, டூல் வேறு தடத்தில் வந்து மரையின் ஒரு பக்கத்தைச் சீவிவிடும். திரும்பும்போது வேலைக்கு வெளியே மூன்று பிட்ச், அதாவது 6 மி.மீ.யாவது தள்ளி வந்து நிறுத்து. அடுத்த ஓட்டத்தில் தளர்வு அந்தத் தூரத்துக்குள் தீர்ந்துவிடும்.

இவ்வளவும் செய்து மரை ஒவ்வொரு ஓட்டத்திலும் கொஞ்சம் இடம் மாறினால், குறை சக்கரத்தில் இல்லை. லீட் ஸ்க்ரூவை நீளவாக்கில் பிடித்துத் தள்ளி இழுத்துப் பார். ஆடினால் கடைசியிலுள்ள நட்டை ஆட்டம் போகும்வரை இறுக்கிப் பூட்டு. மோட்டார் குறைந்த வேகத்தில் திணறினால் பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஸ்பிண்டிலின் பின்பக்கம் ஒரு கைப்பிடி போட்டுக் கையால் சுற்று. பித்தளையில் 15 மி.மீ. நீளத்துக்கு அது ஒரு வேலையே இல்லை, காடியில் சரியாக நிறுத்தவும் முடியும்.

அடாப்டரில் கடையில் வாங்கிய காலர் ஒன்றைத் திருகிப் பார்த்துவிட்டு, எத்தனை சுற்று கையால் ஏறியது என்று எழுது. கால் இஞ்சுக்கு அந்த 57ஐப் போடுவதானால் பேன்ஜோவில் இடம் போதுமா என்பதையும் பார்த்துச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்