கூடலாம், ஜன்னலைத் திறந்து வைத்து

ஆசிரியருக்கு,

கொரோனாவால் மூடிக்கிடந்த பள்ளிகள் கேரளத்தில் 2021 நவம்பர் 1 முதல் திறந்துவிட்டன. அப்புறம் எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து வாசிப்புக் கூட்டங்களும் பஜனைகளும் மட்டும் ஏன் இன்னும் செல்போனிலேயே நடக்க வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். தனியாக இருக்கும் வயதானவர்கள் மனதளவில் ரொம்பவே வாடிப்போயிருக்கிறார்கள்.

கூடலாம், ஆனால் பழையபடி வேண்டாம். கொரோனா காற்றில் பரவுவதை உலக சுகாதார நிறுவனமே ஏற்றுக்கொண்டுவிட்டது. அப்படியும் சமீபத்தில் நான் போன ஒரு கல்யாண மண்டபத்தில், வாசலில் சானிடைசர் இருந்தது, நெற்றியில் வெப்பமானி காட்டினார்கள். உள்ளே ஜன்னல்களை எல்லாம் அலங்காரத் துணியால் மூடி ஏசி போட்டிருந்தார்கள். பலருக்கு முகக்கவசம் தாடையில்தான் இருந்தது. பயமாக இருந்தது.

மலைகளுக்கு இடையிலுள்ள பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வீசும் ஊர் இது. மரத்தடியிலோ திறந்த திண்ணையிலோ ஒரு மணி நேரம் கூடினால் போதாதா? டீயை அவரவர் வீட்டிலேயே குடித்துவிட்டு வரலாம். இரண்டு தவணை ஊசி போட்டவருக்கும் தொற்று வரலாம், அவரிடமிருந்து பிறருக்கும் பரவலாம். அதனால் தொண்டை கரகரத்தாலே வீட்டில் இருந்துவிட வேண்டும். வராதவரிடம் யாரும் கோபித்துக்கொள்ளவும் கூடாது.

பஞ்சாயத்து, மாலை நேரங்களில் பள்ளி மைதானங்களை இதற்குத் திறந்துவிட்டால் பெரிய உதவியாக இருக்கும்.

ஒரு வாசகர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்