ஹாலோவீன் வேடம்: பஞ்சாயத்து முடிந்தது

மக்களே, அக்டோபர் 31 விருந்துக்கு நாம் எட்டுப் பேரும் எட்டுக் கிரகங்களாகப் போகிறோம். புளூட்டோவை 2006-லேயே பட்டியலிலிருந்து தூக்கிவிட்டார்கள், அதனால் கணக்குச் சரி. சூரியன் யார் என்று கேட்காதீர்கள், விருந்து கொடுப்பவர்தான்.

சனியை எடுக்க ஒருத்தரும் முன்வரவில்லை. சரி, அது என் தலையில்.

எல்லாருக்கும் கறுப்பு உடை, மார்புக்கும் முதுகுக்கும் அட்டை வட்டம் ஒவ்வொன்று, தோளில் மாட்ட அகலமான ரிப்பன். மெல்லிய கயிறு கட்டினால் ஒரு மணி நேரத்தில் தோளை அறுத்துவிடும். வியாழனுக்குக் குறுக்கே பட்டைகள், சிவப்புப் பொட்டு கீழ்ப்பாதியில். யுரேனஸ் படுத்தபடி சுற்றுவது, அதனால் அதன் வளையம் மெல்லிசாக, நெட்டுக்குத்தாக இருக்கட்டும். என் வளையத்தை நேற்று வெட்டி மாட்டிப் பார்த்தேன்; அறைக் கதவிலேயே சிக்கிக்கொண்டேன். இப்போது இரண்டாக வெட்டி, மடக்குகிற மாதிரி டேப் ஒட்டியிருக்கிறேன். அழகு கொஞ்சம் போச்சு, பரவாயில்லை.

அக்ரிலிக் பெயின்ட் அட்டைக்கு மட்டும். முகத்துக்கு ஃபேஸ் பெயின்ட்தான். அதையும் முதல் நாளே முழங்கையின் உள்பக்கம் தடவிப் பாருங்கள். அரிப்பு வந்தால் விட்டுவிடுங்கள். அப்புறம், பூசணி விளக்குக்குள் நிஜ மெழுகுவர்த்தி எரியலாம், அட்டையோடு பக்கத்தில் போய் நிற்காதீர்கள்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு உட்காருவோம். பெரிய அட்டைப்பெட்டி இருப்பவர்கள் கொண்டு வாருங்கள். நீலப் பெயின்ட் யாரிடமாவது மிச்சம் இருக்கிறதா? நெப்டியூன் கேட்கிறது.