84க்கே திருப்பி விடு

தம்பி,

பொங்கலுக்கு நீ வந்து நிண்டு போனதில இருந்து எழுதோணும் எழுதோணும் எண்டு இருக்கிறன். கோலில சொல்லலாம்தான், ஆனா நான் "என்ன? என்ன?" எண்டு கேட்க, நீ கத்த, அம்மா குசினிக்குள்ள இருந்து ரெண்டு பேரையும் பேச, சொல்ல வந்தது அப்பிடியே நிண்டிடும்.

என்ர போனில ஹெட்போன் சத்தத்தைக் கூட்டித் தந்திட்டுப் போனாயெல்லே. முதல் ரெண்டு நாள் புளுகமாத்தான் இருந்தது. பேந்து பாத்தா பேங்க் அப் திறக்குதில்லை. சந்தியில போன் கடை வச்சிருக்கிற பெடியனிட்டக் குடுத்தன், அவன் நோண்டிப் பாத்திட்டு "மாமா, பூட்லோடர் எண்ட போனின்ர உள்பூட்டைத் திறந்து, எதையும் மாத்தக்கூடிய மாதிரி ரூட் பண்ணியிருக்கு, சத்த அளவு எழுதியிருக்கிற மிக்ஸர் பாத்ஸ் எண்ட பைலில 84 எண்டு இருக்கிறதை ஆரோ 96 ஆக்கி விட்டிருக்கினம்" எண்டான். ஆரோ! நான் வாய் திறக்கேல்லை. பூட்லோடர் திறந்தா போனில உள்ளதெல்லாம் அழியுமாம், அம்மம்மான்ர கடைசிப் போட்டோக்கள் எங்க போனது எண்டு அப்பதான் விளங்கிச்சுது. சரி, அதுக்குப் பேச எழுதேல்லை.

நான் மட்டும் திறமோ. பொருளாதாரத் தடை நேரம் பற்றரி இல்லாம சைக்கிளைக் கவிட்டு வச்சு டைனமோ சுத்தித்தான் ரேடியோ கேட்டனாங்கள், சத்தம் காணாது எண்டு ஸ்பீக்கரைக் கழட்டிப் பானை வாயில வச்சவன் நான்.

ஆனா என்ர காதுக்கு சத்தம் இல்லையடா குறை. 2009 சண்டையில மாத்தளன்ல பங்கருக்குப் பக்கத்தில செல் குண்டு விழுந்த நாளில இருந்து இடது காதில 'கீ' எண்டு ஒரு சத்தம், இண்டைக்கும் நிக்கேல்லை. ஆஸ்பத்திரியில காது சோதிச்சு ஒரு கோடு கீறித் தந்தவை, தடிச்ச சத்தம் வரைக்கும் நேராப் போய் கீச்சுச் சத்தம் வாற இடத்தில கிணத்துக்குள்ள விழுந்த மாதிரி இறங்குது. அதாலதான் நீ பத்து எண்டாலும் பட்டு எண்டாலும் எனக்கு ஒண்டு. நீ கூட்டி விட்டதில 'ஆ'வும் 'ஓ'வும்தான் பெரிசாக் கேக்குது, நடுவில உள்ளது அப்பவும் இல்லை, மேல போனா கிழிஞ்ச ஸ்பீக்கர் மாதிரி கரகரக்குது.

இப்ப விசயத்துக்கு வாறன். உன்ர போனையும் இதே மாதிரித்தான் செய்து வச்சிருக்கிறாய் எண்டு தங்கச்சி சொன்னவள். அந்த 84 எண்ட இலக்கத்தில ஒண்டு கூட்டினா சத்தம் ஒரு டெசிபல் கூடுமாம். 80 டெசிபல் எண்டா கிழமைக்கு 40 மணித்தியாலம் கேக்கலாம், 3 டெசிபல் ஏற ஏற நேரம் பாதி பாதியாக் குறையும். முதல் 80இல கேட்டனி எண்டு வச்சாலும் நீ 12 கூட்டியிருக்கிறாய், நாலு தரம் பாதியாக்கிப் பார், இரண்டரை மணித்தியாலம் வரும். கிழமைக்கு! கொழும்பு பஸ்ஸில ஒரு இரவுக்கே அது காணாது. பஸ்காரன் போடுற பாட்டுக்கு மேலால கேக்கத்தான் கூட்டினனான் எண்டுவாய், அப்ப காதை இறுக்கி அடைக்கிற ஹெட்போன் ஒண்டு வாங்கு, காசு நான் தாறன். உள்காதில இருக்கிற அந்த மயிர்க் கலங்கள் செத்தா திரும்ப முளைக்காது, எனக்கு செல் விழுந்து போனது, நீ காசு குடுத்து வாங்கின போனால போக்காட்டாத.

வரேக்க என்ர போனை 84க்கே திருப்பி விடு, உன்ரதையும் என்ர கண்ணுக்கு முன்னால மாத்து. முறிகண்டியில பஸ் நிக்கேக்க ஹெட்போனைக் கழட்டிப்போட்டு ஒரு கோல் எடு, வலது காதில வச்சுக் கதைக்கிறன், ஆறுதலாச் சொல்லு. கச்சான் ரெண்டு பக்கற் வாங்கு, அம்மாவுக்கு வறுத்தது.

அப்பா