தலைகீழாய்ப் போன கிணறு

மாப்ளே,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. நடுவில் மூத்தவள் குழந்தையோடு வந்து இறங்கிவிட்டாள், வீடு வீடாக இல்லை. இலவச டியூஷனை மூடிவிடவா என்று யி ஜிங்கிடம், அந்தப் பழைய சீனக் குறி நூலிடம், கேட்டுக் காசு போட்டிருக்கிறாய். நேற்று ராத்திரிதான் உன் தாளை விரித்துப் பார்த்தேன். மூன்று இரண்டு ரூபாய்க் காசு, ஆறு தடவை, தலைக்கு 3, பூவுக்கு 2. கூட்டினால் 8, 7, 9, 8, 7, 8. ஒவ்வொரு கூட்டலும் ஒரு கோடு, ஒற்றை என்றால் முழுசு, இரட்டை என்றால் நடுவில் உடைந்தது. ஆறு கோடு சேர்ந்தால் ஒரு குறி. கணக்கு வாத்தியார் எழுத்து, அடித்தல் திருத்தல் இல்லை. ஆனால் முதல் கோட்டை மேலே போட்டுவிட்டுக் கீழே இறங்கிக்கொண்டே போயிருக்கிறாய். யி ஜிங்கில் கோடு கீழேயிருந்து மேலே போகும், செடி வளர்கிற மாதிரி.

அதனால்தான் உனக்கு 47-ஆம் குறி வந்தது. குன், அதாவது முடக்கம். மேல் மூன்று கோடு ஏரி, கீழ் மூன்று கோடு தண்ணீர், ஏரி வடிந்துபோய்க் கிடக்கிறது. அதன் நான்காம் கோட்டில் ஒருவன் தங்க வண்டியில் மாட்டிக்கொண்டு மெல்ல மெல்ல வருகிறான் என்று இருப்பதைப் படித்துவிட்டு, 'மருமகனின் கார் லோனைச் சொல்கிறதா' என்று வேறு கேட்டிருக்கிறாய். தாளைத் தலைகீழாகப் பிடி. 48. ஜிங். கிணறு.

உன் தப்பிலும் ஒரு அழகு இருக்கிறது. 64 குறிகளும் ஜோடி ஜோடியாக நிற்பவை. 32 ஜோடியில் 28 இப்படித்தான், ஒன்றைக் கவிழ்த்தால் மற்றது. மேலே முடங்கியவன் கீழே திரும்பித்தான் ஆகவேண்டும், அதனால் முடக்கத்துக்கு அடுத்து கிணறு என்று பழைய உரை காரணம் சொல்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 1973-ல் சீனாவில் மவாங்துய் கல்லறையில் கிடைத்த யி ஜிங் பட்டுச்சுவடியில் வரிசையே வேறு. கல்லறையை மூடியது கி.மு. 168-ல். ஆக, காரணத்தை ரொம்ப நம்பாதே.

கிணற்றுக் குறியில் மேலே தண்ணீர், கீழே மரம். தண்ணீருக்கு அடியில் மரம் எங்கிருந்து வந்தது? இரண்டாம் நூற்றாண்டு உரைகாரர் ஜெங் சுவான் அது ஏற்றம் என்றார். ஆமாம், நம் ஊர் ஏற்றம் மாதிரியேதான், ஒரு முனையில் பாரம், மறுமுனையில் வாளி. மரம் வேரிலிருந்து நீரை மேலே ஏற்றுகிறதே, அதுதான் என்பாரும் உண்டு. எனக்குப் பிடித்த விளக்கம் மண்ணுக்கடியிலிருந்து வந்தது. சீனாவின் ஜெஜியாங்கில் ஹெமுது என்ற இடத்தில் தோண்டியபோது, 5,000 வருஷத்துக்கும் பழைய கிணறு ஒன்று அகப்பட்டது. சுற்றிலும் மரக்கட்டை அடித்துச் சட்டம் கட்டியிருந்தார்கள். மரம் தண்ணீருக்குள் நிற்கத்தான் செய்திருக்கிறது.

குறியின் வாசகம் இது: ஊரை மாற்றலாம், கிணற்றை மாற்ற முடியாது. அது குறைவதும் இல்லை, நிறைவதும் இல்லை. வருகிறவனும் போகிறவனும் இறைத்துக்கொள்கிறார்கள். கயிறு தண்ணீரை எட்டப்போகும் நேரத்தில் குடம் உடைந்தால் கேடு. இங்கே கொஞ்சம் நில். கெடுதல் கிணற்றில் இல்லை, கயிற்றிலும் குடத்திலும்தான்.

9 விழுந்தால் அந்தக் கோடு முழுசிலிருந்து உடைந்ததாக மாறும், படிக்க வேண்டியதும் அதைத்தான். உனக்கு மாறியது மூன்றாம் கோடு. (காசில் 9 விழ எட்டில் ஒரு வாய்ப்பு. ஐம்பது குச்சியில் ஒன்றை ஒதுக்கி 49-ஐப் பதினெட்டு தடவை பிரிக்கிற பழைய முறையில் பதினாறில் மூன்று. ஏன் என்று நீயே கணக்குப் போட்டுப் பார், உனக்கு ஒரு சாயங்காலம் போகும்.) கோடு சொல்வது: கிணறு தூர் வாரியாகிவிட்டது, யாரும் குடிக்கவில்லை, என் நெஞ்சு நோகிறது. இறைக்கலாமே. அரசன் தெளிந்தவனாக இருந்தால் எல்லோருக்கும் நன்மை. ச்சு யுவான் என்ற கவி-அமைச்சரை அரசன் ஒதுக்கித் துரத்தினான், அவர் மிலுவோ ஆற்றில் விழுந்து செத்தார். அவர் வரலாற்றை எழுதிய சிமா சியென் நடுவில் இந்த வரியைத்தான் எடுத்துப் போடுகிறார்.

நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். ரிட்டயர் ஆனபின் ஆரம்பித்த இலவச டியூஷனுக்கு யாரும் வருவதில்லை, மூடிவிடவா என்றாய். காசுக்கு உன் மொட்டை மாடி தெரியாது. எனக்குத் தெரியும். மூன்று மாடி, லிஃப்ட் கிடையாது, காலை ஆறு மணி. பிள்ளைகள் ஸ்கூல் பஸ்ஸுக்கு ஆறேமுக்காலுக்கு நிற்க வேண்டும். உனக்குப் படிப்பிலும் குறை இல்லை, மனசிலும் இல்லை. கயிறுதான் குட்டை. சாயங்காலம், கீழே கார் நிறுத்துகிற இடத்தில் ஒரு பலகையை மாட்டிப் பாரேன்.

9 மாறினால் கிணறு 29 ஆகும், தண்ணீர்மேல் தண்ணீர், பள்ளம். பயப்படாதே. மனசில் உண்மை இருந்தால் வழி கிடைக்கும் என்றுதான் அங்கேயும் இருக்கிறது. அடுத்த நான்காம் கோட்டில் கிணற்றுக்குச் செங்கல் வைத்துக் கட்டுகிறார்கள், தப்பில்லை என்கிறது. அது உனக்கு மாறவில்லை, அதைப் படிப்பது முறையும் இல்லை. சும்மா சொன்னேன்.

அப்புறம், உன் சர்க்கரை எவ்வளவு என்று எழுதவே இல்லையே. எனக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது. தை பிறந்ததும் வருகிறேன், மூன்று மாடி ஏறச் சொல்லாதே.

உன் பழைய ரூம்மேட்