கசம் எங்கே இருக்கிறது என்று யார் சொல்வது?

களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பக அதிகாரிகளுக்கு வணக்கம்.

நான் விக்கிரமசிங்கபுரத்துக்காரன். பெரியப்பா முதுகில் உப்புமூட்டையாகத் தொங்கி ஆற்றில் நீந்தப் பழகியவன். அவர் முதலில் கற்றுத் தந்தது நீச்சல் இல்லை. கரையில் நிறுத்தி, "தண்ணி நேத்து மாதிரி இருக்கான்னு பாருலே" என்பார். நிறம் கொஞ்சம் கலங்கியிருந்தாலும், சருகும் சுள்ளியும் கூட்டமாக மிதந்து வந்தாலும் அன்றைக்குக் குளியல் கிடையாது. எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு இப்படிச் சொல்லித் தர ஒரு பெரியப்பா இருந்தார். வேனில் வந்து இறங்கும் வெளியூர்ப் பிள்ளைகளுக்கு அப்படி யாரும் இல்லை. கசம், அதாவது ஆற்றடியில் திடீரென்று ஆழமாகும் குழி, எங்கே இருக்கிறது என்று சொல்ல அவர்களுக்கும் ஓர் ஆள் வேண்டும். அதனால்தான் இந்த மடல்.

போன ஐப்பசியில் நடந்ததைச் சொல்கிறேன். மலைப் பக்கம் ஒரு ஓடையோரம் எட்டுப் பத்துப் பையன்கள் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். 'ஆழமான பகுதி' என்ற பலகை அங்கே இருந்தது, கொடி ஏறிப் பாதி எழுத்து மறைந்திருந்தது. "அண்ணே, முழங்கால் அளவுதானே இருக்கும்?" என்று ஒருவன் கேட்டான். அவன் கேட்டதில் தப்பில்லை. தெளிந்த தண்ணீரில் அடிமணல் மேலே வந்த மாதிரி தெரியும். கிடந்த மூங்கில் கழி ஒன்றை எடுத்து, அவன் நின்ற இடத்திலிருந்து நாலே எட்டுத் தள்ளிக் குத்தினேன். என் உயரத்துக்கும் மேலான கழி, கைப்பிடி வரை உள்ளே போயிற்று. தரை தட்டவில்லை. பையன் முகம் வெளுத்துவிட்டது. நான் திட்டவும் இல்லை, விரட்டவும் இல்லை. அவர்களே துணியை எடுத்துக்கொண்டு கீழ்ப்பக்கம் ஆழமில்லாத பரலுக்குப் போய்விட்டார்கள்.

அந்தக் கழி செய்ததைப் பலகையால் செய்ய முடியவில்லை. நான் கேட்பது இதுதான்: ஆட்கள் குளிக்கிற ஒவ்வொரு துறையிலும், அந்த ஆற்றை அறிந்த ஒருவரை நிறுத்துங்கள். கையில் ஒரு விசில், நீளமான கயிறு, காற்றடித்த லாரி ட்யூப். வேறொன்றும் பெரிதாக வேண்டாம்.

ஆளுக்குப் பஞ்சமில்லை. மயிலாறு, சேர்வலாறு குடியிருப்புகளில் இருக்கிற காணிக்காரப் பழங்குடிகளுக்கு எந்த வளைவில் கசம், எந்தப் பாறையில் பாசி, எந்த மடுவில் சுழி என்பதெல்லாம் மனப்பாடம். வேட்டைத் தடுப்புக் காவலர்களாக அவர்களில் சிலர் ஏற்கெனவே உங்களோடு வேலை பார்க்கிறார்கள். அந்த அறிவுக்குச் சம்பளம் கொடுங்கள் என்கிறேன்.

அடுத்தது மேல்மழை, மலை மேலே பெய்கிற மழை. கீழே அம்பாசமுத்திரத்தில் சுள்ளென்று வெயில் அடிக்கும், அதே நேரம் மலைமேல் ஊத்து, நாலுமுக்கு ஊர்களில் கொட்டிக்கொண்டிருக்கும். அந்தத் தண்ணீர் மணிமுத்தாறு அருவிக்கு வந்து சேரும்போது, கீழே குளிப்பவன் தலைக்கு மேல் வானம் நீலமாகத்தான் இருக்கும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் என்ன நடந்தது? சீசன்கூடத் தொடங்கவில்லை, கோடை மழைதான். அருவியில் திடீரென்று வெள்ளம் பாய்ந்து, பதினேழு வயதுப் பையன் ஒருவனைக் கொண்டுபோய்விட்டது. ஓடித் தப்பியவர்களுக்குக் கிடைத்தது சில நொடிகள். மேலே மழை பிடித்ததும் கீழே சொல்ல ஒரு வயர்லெஸ் அழைப்பும், அதைக் கேட்டதும் ஊத ஒரு விசிலும் இருந்தால் அந்த நொடிகள் நிமிடங்களாகும். செல்போனை நம்ப முடியாது, காட்டுக்குள் பாதி இடத்தில் சிக்னல் இல்லை.

களக்காட்டில் 'தலையணை' என்கிற தடுப்பணை மாதிரி, தண்ணீர் தடுப்பு தாண்டி விழுகிற இடங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். பார்க்கச் சாதுவாக இருக்கும். வரத்து கூடினால் விழுகிற தண்ணீர் அடியில் சுருண்டு திரும்பி, ஆளைத் தடுப்பை நோக்கியே இழுக்கும். நுரைத் தண்ணீர் உடம்பைத் தாங்கவும் தாங்காது. நல்ல நீச்சல்காரனே அங்கே திணறுவான்.

குளிக்கிற துறைகளை முழுக்க மூடிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். வெள்ளம் வரும் நாளில் மூடுவது சரி, மூடத்தான் வேண்டும். மற்ற நாளிலும் மூடினால், யார் கண்ணிலும் படாத ஓடைக்குப் போய்க் குதிப்பார்கள். அங்கே கத்தினாலும் கேட்க ஆள் இருக்காது.

அப்புறம், முதலுதவி. தண்ணீரில் மூழ்குகிறவன் பெரும்பாலும் கத்துவதில்லை, சத்தமில்லாமல் உள்ளே போய்விடுவான். காப்பாற்றக் குதித்தவனும் சேர்ந்து போன கதைகள் எங்கள் தாலுகாவில் நிறைய. வேட்டியோ கயிறோ வீசி இழுப்பதுதான் முறை. கரையேற்றிய பிறகும் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுகிறோம், வயிற்றை அமுக்குகிறோம். அதில் போகிற நேரம் உயிர் போகிற நேரம். மூச்சு இல்லையென்றால் மல்லாக்கப் படுக்கவைத்து, வாயில் வாய் வைத்து ஊதிவிட்டு, நெஞ்சின் நடுவே 30 முறை அமுக்கி 2 முறை ஊத வேண்டும். 108 வந்து சேரும்வரை விடாமல் செய்ய வேண்டும். மலைக்கு மேலே அது எத்தனை நேரம் என்று உங்களுக்கே தெரியும். நிறுத்தப்போகும் ஆட்களுக்கு இதை அரசு மருத்துவர்களை வைத்துச் சொல்லிக் கொடுங்கள்.

ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் குடில் போட்டுத் தங்கும். குழந்தை குட்டிகளோடு நாளெல்லாம் ஆற்றில்தான் கிடப்பார்கள். அங்கிருந்தே தொடங்கலாம். நீச்சல் தெரிந்த எங்கள் தெருப் பையன்கள் ஏழு பேர் கூலி வாங்காமல் நிற்கத் தயார். மூங்கில் கழிகளில் அடிக்கணக்குக் குறித்து, சிவப்பு பெயிண்ட் அடித்து நாங்களே கொண்டுவருகிறோம். எந்தத் துறையில் நிற்க வேண்டும், யாரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஆற்றங்கரைக்காரன் ஒருவன்
விக்கிரமசிங்கபுரம்